இஹ்லாஸுக்கு நாங்கள் பழக்கிய பதில்

மில்லிக்கன், ஸ்காபரோ
2025 பெப்ரவரி 11

அன்புள்ள ரினோஸா,

நீர் என்னுடைய நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர் என்பது எனக்கு விளங்கப் பத்து நாள் பிடித்தது. தண்டர் பேயில் குளிர் கூடி லைன் விழுந்துவிட்டதாக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அட்சயா என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களை அவ புளொக் பண்ணியிருக்கிறா, இன்னும் விளங்கேல்லையா?" என்று கேட்டாள். பெற்ற மகளுக்கு முன்னால் எனக்கு முகம் கறுத்துப்போயிற்று. அதனால்தான் முத்திரை ஒட்டி எழுதுகிறேன். கிழிப்பதென்றால் வாசித்துவிட்டுக் கிழியும்.

உம்மா சொன்ன அளவுதான் உமக்குத் தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன்.

போன ஒக்டோபரில் எங்களுக்கு நிதி தரும் அலுவலகம் விதியை மாற்றியது. அதுவரைக்கும் எங்கள் 'கூடல்' நிலையத்துக்கு மூளை வளர்ச்சி குறைந்த ஒரு பிள்ளையை, அது இருபது வயதோ ஐம்பது வயதோ, பெற்றவர்கள் கையில் பிடித்துக்கொண்டு வந்தால் போதும், ஒரு கதிரை போட்டுவிடுவோம். பகல் முழுக்க எங்களோடு இருக்கும். இருபது வருடமாக ஒருவரையும் நாங்கள் வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பியதில்லை. அது உமக்கே தெரியும், பள்ளிக்கூடத்துக்கு நாற்பது மணித்தியாலத் தொண்டு காட்டவேண்டும் என்று வந்த நீர் நாலு வருடம் நின்றவர். இனி அப்படி இல்லையாம். வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒவ்வொருவரையும் ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டுப் புள்ளி போடுவாராம். அந்தப் புள்ளியை வைத்துத்தான் இடமாம்.

புள்ளி என்று கேட்டதும் எனக்கு வேறொன்றும் ஓடவில்லை, ரினோஸா. எங்கள் ஆக்களுக்குச் சோதனை என்றால் நிறையப் புள்ளி எடுக்கவேண்டும். வீட்டுக்கு ஒரு அதிகாரி வந்தால் தோய்த்த உடுப்புப் போட்டு, எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லவேண்டும். ஊரில் அரச அதிபரின் கச்சேரியிலும் அப்படித்தான் செய்தோம், கனடா வந்து குடிவரவு அலுவலகத்திலும் அப்படித்தான் செய்தோம். இரண்டு கிழமை, சாப்பாடு முடிந்த கையோடு, எங்கள் பதினொரு பேரையும் இருத்திப் பழக்கினேன். பஸ்ஸில் தனியப் போவீரா? ஓம். அடுப்பு மூட்டுவீரா? ஓம். தனியக் குளிப்பீரா? ஓம்.

மற்றப் பத்துப் பேரும் நான் பழக்கியதில் பாதியை மறந்து தப்பிவிட்டார்கள். உம்முடைய அண்ணன், நீர் நானா என்கிற இஹ்லாஸ், ஒன்றையும் மறக்கவில்லை.

வெள்ளைச் சேட்டும் மினுக்கின சப்பாத்துமாக வந்தார். வந்த பெண் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னார். பிறகு ஒருவரும் கேளாமலே எழும்பிப்போய்த் தேத்தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து, "சீனி காணுமா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த நேரமே உம்மாவுக்குப் போன் அடித்து, "ஸெய்னம்பு அக்கா, இஹ்லாஸ் பாஸ்!" என்று கத்தினேன். பாவம், அவ அடுத்த நாள் எங்கள் எல்லாருக்கும் வட்டிலப்பம் அவித்து அனுப்பினா.

மூன்று கிழமையால் கடிதம் வந்தது. இஹ்லாஸுக்கு உதவி தேவையில்லை, மார்ச் 31-உடன் அவருடைய இடம் முடிகிறது என்று.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. அவரை நல்லாகக் காட்டவேண்டும் என்றுதான் செய்தேன். அதுதான் பிழையாகப் போயிற்று.

உம்முடைய,
மலரன்ரி


தண்டர் பே
பெப்ரவரி 24

ஜெயமலர் அன்ரிக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீங்கள் செய்ததை நீங்களே எழுதிய ஒரே கடதாசி அது. வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். நானா அடுப்பை மூட்டுவார், நிற்பாட்ட மாட்டார். அவருக்கு ஒரேயொரு பஸ் தெரியும், மோர்னிங்சைட்டிலிருந்து உங்களிடம் வருகிற பஸ். மூன்று வருடத்துக்கு முன் பாதை திருத்துகிறார்கள் என்று அது வேறு வழியால் போனபோது கடைசி நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே போயிருந்தார், பொலிஸ் கொண்டுவந்து விட்டது. எழுபத்துமூன்று வயது உம்மாதான் அவரை இன்னும் குளிக்கவார்க்கிறா. அவருக்கு நாற்பத்தொரு வயது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? இருபது வருடம் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தவர்.

நாங்கள் முதல்முதல் உங்களிடம் வந்த அன்று உம்மா வாசலில் நின்று, "நாங்க முஸ்லிம் ஆக்கள், பரவாயில்லையா?" என்று கேட்டா. தொண்ணூறில் முஸ்லிம் என்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொல்லப்பட்டவ அப்படித்தான் கேட்பா. நீங்கள் கோபித்து, "உதென்ன கேள்வி, உள்ள வாங்கோ" என்றீர்கள். அன்றைக்குத் தொடங்கி உங்களை நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் இவ்வளவு தூரம் வந்து ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நிரந்தர வேலை எடுத்தேன். நானாவுக்குப் பகலில் ஓர் இடம் இருக்கிறது, உம்மா அந்த நேரமாவது படுத்து எழும்பலாம் என்ற ஒரு நினைப்பு. அந்த இடம் போனால் நான் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும். வேறு ஆள் இல்லை.

உங்களிடம் மன்னிப்பு வேண்டாம். அலுவலகத்துக்கு நாலு வரி எழுதுங்கள். பதில்களை நான்தான் பழக்கினேன், அவை இஹ்லாஸுடைய பதில்கள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது போதும்.

ரினோஸா ரஸாக்


மில்லிக்கன்
மார்ச் 9

அன்புள்ள ரினோஸா,

அந்த நாலு வரியை மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் கிழித்தேன்.

எங்கள் நிர்வாக சபைத் தலைவர் செல்வரட்ணம் அண்ணையை உமக்கு நினைவிருக்கும். அவரிடம் போய்க் கேட்டேன். மனுசன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மலர், நாங்கள் சொல்லிக்குடுத்துப் பதில் சொல்ல வைச்சனாங்கள் எண்டு எழுதினா, அவங்கள் எல்லாரையும் திரும்பப் பாப்பாங்கள். ஒப்பந்தத்தைக் கிழிச்சாலும் கிழிப்பாங்கள். ஒரு பிள்ளைக்கு நீர் எழுதிற கடிதம் பத்துப் பிள்ளையளுக்குக் கதவைச் சாத்தும். யோசிச்சுச் செய்யும்." அவர் கெட்ட மனுசன் இல்லை. அவருடைய தங்கச்சி யோகமலரும் அந்தப் பத்தில் ஒருத்தி.

நான் பயந்தாங்கொள்ளி, ரினோஸா. அதை உமக்கு ஒளிக்கவில்லை. காலமை நிலையத்தைத் திறக்கிறபோது அந்தப் பத்து முகமும் சிரித்துக்கொண்டு உள்ளே வருகிறது. பேனை ஓடுதில்லை.

வேறொரு வழி விசாரித்து வைத்திருக்கிறேன். குடும்பம் கேட்டால் ஒரு தடவை, ஒரேயொரு தடவை, வீட்டுக்கு வந்து திரும்பப் பார்ப்பார்களாம். அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்கு இல்லை. உம்மாவின் கையெழுத்தை வாங்கி விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், என்னை ஏசினாலும் பரவாயில்லை. ஏப்ரல் 15 வருகிறார்கள். இந்தத் தடவை விதிப் புத்தகத்தை அட்சயாவைக் கொண்டு வரிவரியாக வாசிப்பித்தேன். மூன்று படி இருக்கிறது. உதவி தேவையில்லாத ஆக்கள், நடுவில் உள்ள ஆக்கள், கடும் உதவி தேவையான ஆக்கள். எங்களைப்போல நிலையங்களுக்கு நடுவில் உள்ள ஆக்கள் மட்டும்தான்.

ஆகவே அடுப்பு, பஸ், குளிப்பு, இந்த மூன்று கேள்விக்கு மட்டும் இஹ்லாஸ் 'தெரியாது' என்று சொன்னால் நடுவில் வந்து நிற்பார். அட்சயா கூட்டிப் பார்த்துச் சொன்னாள். அந்த மூன்றும் உண்மைதானே, பொய் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான் வரக்கூடாது. என் முகத்தைக் கண்டால் அவர் ஓம், ஓம் என்றுதான் சொல்லுவார். நீர் வந்து சொல்லிக்கொடுத்தால் கேட்பார்.

எந்த முகத்தோடு இதைக் கேட்கிறேன் என்று நீர் நினைப்பீர். நானும் அதைத்தான் நினைக்கிறேன்.

மலரன்ரி


தண்டர் பே
மார்ச் 20

ஜெயமலர் அன்ரிக்கு,

நாலு நாள் லீவு எடுத்திருக்கிறேன், சனி ஞாயிறும் பெரிய வெள்ளியும் சேர்த்தால் ஒரு கிழமை. ஏப்ரல் 12ஆம் திகதி வருகிறேன்.

நீங்கள் எழுதியிருக்க வேண்டிய நாலு வரிக்குப் பதிலாக என் அண்ணனுக்கு நான் 'தெரியாது' படிப்பிக்க வேண்டும். அதையும் செய்கிறேன். நீங்கள் வீட்டுப் பக்கம் வர வேண்டாம். உம்மாவுக்குப் போன் எடுக்கவும் வேண்டாம். அவ உங்களோடு கதைத்தால் உங்களுக்காக அழுகிறா, எனக்கு அதைப் பார்க்க ஏலாது.

ரினோஸா


மோர்னிங்சைட்
ஏப்ரல் 18

மலரன்ரிக்கு,

விமானம் நாளைக்கு. போகும் முன் எழுதிவிட வேண்டும், அங்கே போனால் எழுத மாட்டேன்.

முதல் நாள், அடுப்பு மூட்டத் தெரியுமா என்று நான் கேட்டதும் நானா, "தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கே போய்விட்டார். "அடுப்பு எனக்குத் தெரியும், ரினோ. மலரன்ரி சொன்னவ." கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினேன். திரும்பவும் கேட்டேன். திரும்பவும் தெரியும். அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் அப்படித்தான். நான் கத்திவிட்டேன். அவருக்குக் கண் கலங்கி, பிறகு என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, மெல்ல, "தெரியாது" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். "கெட்டிக்காரன் நானா" என்றேன். அவருக்கு எவ்வளவு சந்தோசம்! அதற்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை. அடுப்பு, பஸ், குளிப்பு, மூன்றுக்கும் கேட்டவுடன் தெரியாது. ஒவ்வொரு தரமும் நான் கெட்டிக்காரன் என்றேன்.

15ஆம் திகதி வந்த பெண் நல்லவ. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தா. எங்கள் ஆள் ஒருத்தியை மொழிபெயர்க்கக் கூட்டிவந்திருந்தா, செரீனா என்று பெயர். அடுப்பு மூட்டுவீங்களா என்று கேட்டா. தெரியாது. நான் என்னை அறியாமல் தலையாட்டிவிட்டேன். அதை நானா கண்டுவிட்டார். பிறகு அவரை நிற்பாட்ட முடியவில்லை, அன்ரி. சேட்டுப் பொத்தான் போடுவீங்களா? தெரியாது. பசித்தால் கேட்பீங்களா? தெரியாது. உங்கட பேர் என்ன? தெரியாது. என்னைக் காட்டி, இது ஆர் என்று கேட்டா. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தெரியாது என்றார்.

உம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தா. "என்ர புள்ள அப்படி இல்ல, அவனுக்கு எல்லாம் தெரியும்" என்று அழுதா. அந்தப் பெண் உம்மாவுக்கு டிசு எடுத்துக் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தா. நான் வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் பழக்கினேன் என்று நாலு வரி சொல்லியிருக்கலாம். உங்களிடம் கேட்ட அதே நாலு வரி. சொல்லவில்லை. சொன்னால் எல்லாம் போய்விடும், பேசாமல் இருந்தால் சிலவேளை இடம் கிடைக்கும் என்று இருந்துவிட்டேன்.

அவ போனதும், "சரியாச் சொன்னனா, ரினோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

உங்களை இனி ஏச எனக்கு வாய் இல்லை. நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். நீங்கள் ஆசையில் செய்தீர்கள், நான் தெரிந்துகொண்டு செய்தேன்.

ரினோஸா


மில்லிக்கன்
ஜூன் 3

அன்புள்ள ரினோஸா,

முடிவுக் கடிதம் உமக்கும் வந்திருக்கும். கடும் உதவி தேவையானவர் என்று போட்டிருக்கிறார்கள். எங்களைப்போல நிலையம் அவரை வைத்திருக்கக் கூடாதாம். தாதிமார் உள்ள பெரிய இடம்தான் சரியாம். அந்த இடத்தில் பெயர் பதிந்து காத்திருக்கிறவர்களுக்கு இப்போது ஏழு வருடம் பிடிக்கிறது என்று போனில் ஒரு பிள்ளை மரியாதையாகச் சொன்னாள். ஏழு வருடத்தில் உம்மாவுக்கு எண்பது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இஹ்லாஸை நிலையத்துக்குக் கூட்டிவந்தேன். வருவது வரட்டும் என்று. இரண்டு நாள் இருந்தார். அவருடைய கதிரையில் இருந்த யோகமலர் எழும்பி அவருக்கு விட்டுக் கொடுத்தாள், அது ஒரு சந்தோசம். மூன்றாம் நாள் செல்வரட்ணம் அண்ணை வந்து வாசலில் நின்றார். "அவர் உள்ள இருக்கேக்க விழுந்தெழும்பினா எங்கட காப்புறுதி காசு தராது. நிலையமே போயிடும், மலர்." நான் சத்தம் போட்டேன். இந்த நிலையத்தை ஏன் தொடங்கினோம், ஒருவரையும் விடமாட்டோம் என்றுதானே தொடங்கினோம் என்று கேட்டேன். "அதுதான், மிச்சம் பத்துப் பேரையும் விடாமப் பாக்கிறன்" என்றார். சபையைக் கூட்டி வாக்கெடுத்தார்கள். ஆறு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்த நாலு வரியை எழுதினேன். பெப்ரவரியில் நீர் கேட்டதை மே மாதம் எழுதினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பிந்திப்போயிற்று என்று தெரியும், ஆனால் எழுதாமல் சாக எனக்கு விருப்பமில்லை. பதில் வந்தது. இஹ்லாஸுடைய கோவையை மூன்று வருடத்துக்குத் திறக்க மாட்டார்களாம். ஆனால் மற்றப் பத்துப் பேரையும் செப்டெம்பரில் திரும்பப் பார்ப்பார்களாம்.

சொன்னதுபோலவே நடந்துவிட்டது. அண்ணை என்னை ஏசவில்லை. சாவியை மட்டும் கேட்டார். தவமணியை நேற்று மீன் கடையில் கண்டேன். பதின்மூன்று வருடமாக, அந்தப் பத்தில் ஒருத்தியான அவளுடைய மகளுக்கு மத்தியானச் சாப்பாடு தீத்தினவள் நான். என்னைக் கண்டுவிட்டு வரிசையை விட்டு வெளியே போனாள். எனக்கு அவளில் கோபம் இல்லை. என் பிள்ளையென்றால் நானும் போயிருப்பேன்.

அட்சயா இனிப் பேசாமல் வீட்டில் இருக்கச் சொல்கிறாள். எனக்கு இருக்கத் தெரியாது. அஜின்கோர்ட் பக்கம் நூலகத்தில் ஓர் அறை, சனிக்கிழமைகளில் பத்து தொடக்கம் ஒரு மணி மட்டும் எடுத்திருக்கிறேன். புள்ளி இல்லை, கடதாசி இல்லை, ஆரும் வரலாம். போன சனி ஒருவரும் வரவில்லை. ஒரு மணி வரைக்கும் இருந்துவிட்டுக் கதிரைகளை அடுக்கி வைத்துவிட்டு வந்தேன். வருகிற சனியும் போவேன்.

இஹ்லாஸை அங்கே வர விடுவீரா என்று கேட்க எனக்கு உரிமையில்லை. கேட்கிறேன்.

மலரன்ரி


மோர்னிங்சைட்
ஜூன் 29

அன்புள்ள மலரன்ரி,

நான் வந்துவிட்டேன். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு பெட்டியோடு வந்தேன். உம்மா தன் கட்டிலை எனக்கு விட்டுவிட்டு நிலத்தில் பாய் போட்டா, சண்டை பிடித்துத்தான் எழுப்பினேன்.

நானா எப்படி என்று உம்மா எனக்குப் போனில் சொல்லவேயில்லை. சொன்னால் நான் ஓடிவந்துவிடுவேன் என்று பயந்திருக்கிறா. ஏப்ரலுக்குப் பிறகு அவர் ஒன்றும் செய்வதில்லை. சேட்டை முன்னால் வைத்தால் என் முகத்தைப் பார்த்து, தெரியாது. சாப்பிடுவோமா, தெரியாது. மழை பெய்கிறதா, தெரியாது. சொல்லிவிட்டு நிற்கிறார், நான் ஏதோ சொல்லுவேன் என்று. நான் சொல்வதில்லை. அப்போது இன்னும் பலத்துச் சொல்கிறார். வைத்தியரிடம் கூட்டிப்போனேன். மறதி நோயாக இருக்குமோ என்று கேட்டார், இந்த வயதில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வரக்கூடுமாம். ஸ்கான் எடுக்க எழுதித் தந்தார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி இருக்கட்டும் என்று நினைத்தேன். நோயென்றால் அது என்னுடைய பிழை இல்லைத்தானே.

சனிக்கிழமை கூட்டிவருகிறேன். ஆனால் ஒன்று. அவருக்கு எதையும் பழக்க வேண்டாம். ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பக்கத்தில் இருங்கள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருக்கப் பார்க்கிறேன்.

ஒன்றை எழுதாமல் முடிக்கலாம் என்றுதான் தொடங்கினேன். ஏலவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் உம்மா நித்திரை. நான் உடுப்புத் தோய்க்கக் கீழே போனேன். மெசினுக்குப் போடும் சில்லறையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால் நானாவின் அறைக் கதவு அரைவாசி சாத்தியிருந்தது. உள்ளே சத்தம். வாப்பா மௌத்தாகும் முன் அவருக்குத் தொழப் பழக்கியிருந்தார், இரண்டு வருடம் பிடித்தது. நானா வாய்விட்டுத்தான் ஓதுவார், மெல்ல ஓத அவருக்கு வராது. எட்டிப் பார்த்தேன். தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்திருந்தார், முழங்கை வரைக்கும் ஈரம். சேட்டுப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. முஸல்லாப் பாயை விரித்து, மக்கா இருக்கும் நேர் திசைக்குத் திரும்பி நின்று, ஒரு சொல் பிழைக்காமல் ஓதிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் மறக்கவில்லை, மலரன்ரி. ஒன்றுமே மறக்கவில்லை.

என் காலடியில் பலகை கிறீச்சிட்டதில் திரும்பிப் பார்த்தார். என்னைக் கண்டதும் பாதியில் விட்டுவிட்டார். கட்டியிருந்த கையை எடுத்தார். களவு பிடிபட்டவர்போல, அவசர அவசரமாக மேல் பொத்தானைக் கழற்றினார். "தெரியாது, ரினோ" என்றார். "எனக்கு ஒண்டும் தெரியாது."

நான் கதவைச் சாத்திவிட்டு வெளியில் நின்றேன், நான் போனால் தொடர்வார் என்று. மத்தியான லுஹர்த் தொழுகை நேரம் முடியும் மட்டும் நின்றேன். உள்ளே சத்தம் வரவில்லை.

ரினோஸா